புதிய நூல் வந்துள்ளது

அன்று காலை சைக்கிளைக் கூட்டுறவுச் சங்கக் கடையின் பின்சுவரில் சாத்திவிட்டு முன்பக்கம் வந்தேன். வாசலில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

நிவாரண நாளென்றால் அது புதினமில்லை. ஆனால் அன்று நிவாரண நாள் அல்ல. கோதுமை மா முடிந்து நாலு நாளாகியிருந்தது. சீனிச் சாக்கை உதறி மடித்தும் வைத்துவிட்டோம். கடைக்குள் மிச்சமிருந்தவை ஒரு மூட்டை உப்பும், மேசைக்கடியில் நான் அடுக்கி வைத்திருந்த கவிதைப் புத்தகங்களும்தான்.

எல்லோர் கையிலும் பொலித்தீன் உறையில் போட்ட குடும்ப அட்டை. சாரங்களிலும் சட்டைகளிலும் உப்புக் காய்ந்த மணம். பெரும்பாலும் கடற்கரைச் சனம். பட்டினக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் பக்கத்துக் காணிகளில் கொட்டில் போட்டிருந்தவர்கள். விடியமுன் நந்திக்கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் அன்று போகவில்லை.

வீதியின் மறுபக்கம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின் கரியரிலிருந்து ஒரு பெண் இறங்கினார். ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி வரிசையைத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சவர்க்காரம் கிடைக்காத அந்தக் காலத்தில் அவ்வளவு வெள்ளை எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்தான் கவிஞர் முறிப்பூர்க் குயிலன்.

“பிள்ளை,” என்றார். “இவ்வளவு சனமும் எனக்கோ?”

“ஓம் ஐயா,” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். அதைவிட வெட்கம், அதற்குக் காரணம் என்னுடைய கையெழுத்து என்றும் நம்பினேன்.

கரும்பலகையின் கீழ்ப்பாதி

நீங்கள் சங்கத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதவிப் பெயர் உதவி எழுதுவினைஞர். செய்த வேலை கரும்பலகை எழுதுவது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தண்ணீரூற்றுப் பக்கம் எங்கள் கடை. பத்திரிகை வந்தால் வரும். வானொலி கேட்க வேண்டுமென்றால் யாராவது சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். ஆகவே எங்கள் கரும்பலகைதான் அந்தச் சுற்றுவட்டாரத்தின் தலைப்புச் செய்தி. ‘பருப்பு வந்துள்ளது.’ ‘மா நாளை.’ வீதியால் போகிற எவரும் சைக்கிளை மெதுவாக்கி ஒரு பார்வை பார்க்காமல் போனதில்லை.

சோக்கு முடிந்து கனகாலம். மரவள்ளிக் கிழங்கைச் சீவி, வெயிலில் காயவைத்து, அதால் எழுதினேன். நல்ல வெள்ளையாக விழும். ஒருமுறை வீதியால் போன மாடு ஒன்று வந்து ‘பருப்பு’ என்ற சொல்லை மட்டும் நக்கிவிட்டுப் போனது. பருப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து அன்று பலர் திரும்பிப் போனார்கள்.

எழுதுவதற்கு எப்போதும் நாலைந்து பொருள்களுக்கு மேல் இருக்காது. பலகையின் கீழ்ப்பாதி சும்மா கிடக்கும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வெறுமையாகக் கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாத வயது.

வன்னிக்குள் அந்நாளில் எழுத்தாளருக்குப் பஞ்சமில்லை. தாளுக்குத்தான் பஞ்சம். கோடு போட்ட கொப்பித் தாளில் புத்தகம் அச்சடித்தார்கள். அப்படியும் கைக்காசில் புத்தகம் போட்டவர்களுக்கு, போட்ட செய்தியை நாலு பேருக்குச் சொல்ல வழியில்லை. நான் கீழ்ப்பாதியை அவர்களுக்கு ஒதுக்கினேன். விளம்பரம், இலவசமாக.

முதலில் வந்தவர் மாட்டு வைத்தியம் பற்றி எழுதிய ஒரு பெரியவர். சந்தோசமாகப் போனார். அடுத்த நாள் கோபமாக வந்தார்.

“பருப்புக்குக் கீழை என்ரை பேரைப் போட்டிருக்கிறீர்.”

“சும்மாதானே ஐயா எழுதினனான்.”

“சும்மா எண்டால் எங்கையும் போடுவீரோ?”

அவருடைய பெயரை மேலே எழுதிப் பருப்பைக் கீழே இறக்கினேன். அன்று முழுக்க மாடு வைத்திருப்பவர்கள் வந்து, ‘மாட்டுக்கும் பருப்புக் குடுக்கினமோ’ என்று விசாரித்தார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் இவ்வளவு பேச்சு வந்திராது.

சும்மா என்றால் என்ன

முறிப்பூர்க் குயிலனின் சொந்தப் பெயர் தம்பிராசா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளம் வயதில் தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் காணி பெற்று வயல் செய்தவர். பிறகு அந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்து, வேறொருவர் வயலைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். முப்பது வருடமாகக் கவிதை எழுதுகிறவர். கோயில் கொடியேற்றத்துக்கு, கலியாணத்துக்கு, செத்தவீட்டு அந்தியேட்டிக்கு என்று கேட்காமலே எழுதிக் கொடுப்பார்.

அவருடைய முதல் தொகுதியின் பெயர் ‘அறாத இழை’. தமிழுக்கும் தனக்கும் இடையில் உள்ள இழை என்று விளக்கம் சொன்னார். கரும்பலகையில் இலவசமாக எழுதுகிறேன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

“ஏன் சும்மா எழுதிறீர்?”

“விருப்பம் ஐயா.”

“நீரும் கவிதை எழுதிறனீரோ? அணிந்துரை வேணுமோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப உம்மடை கலியாணத்துக்கு ஒரு வாழ்த்துப்பா.”

“கலியாணம் ஒண்டும் பேசேல்லை.”

“பறவாயில்லை. மாப்பிள்ளையின்ரை பேருக்கு இடம் விட்டு எழுதித் தாறன்.”

சொன்னபடி எழுதிக் கொண்டுவந்தார். இருபத்துநாலு வரி. ஐந்து இடத்தில் வெற்றிடம். அதை அம்மா என் பையிலிருந்து எடுத்து வாசித்துவிட்டு, அந்த வெற்றிடம் யார் என்று என்னை மூன்று நாள் விசாரித்தார்.

பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நான் ‘கவிதைத் தொகுதி’ என்று தொடங்கினேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

“கவிதை எண்டு எழுதாதையும் பிள்ளை. சனம் பயந்திடும். நூல் எண்டு எழுதும். கம்பீரமா இருக்கும்.”

இப்படித்தான் எழுதினேன்:

‘புதிய நூல் வந்துள்ளது. அறாத இழை. முறிப்பூர்க் குயிலன். தரம் மிக்கது. கையிருப்பு சிறிதளவே.’

அதற்கு மேலே, முந்திய நிவாரண நாளில் எழுதி நான் அழிக்க மறந்த வரி அப்படியே இருந்தது: ‘குடும்ப அட்டையுடன் வரவும்.’

எத்தனை பாகம்?

அன்று காலை வரிசையின் முன்னால் பிலோமினா அக்கா நின்றார். கணவரும் இரண்டு மைத்துனர்களும் தொழிலுக்குப் போக, வலையும் வீடும் அவருடைய பொறுப்பு. கடற்கரைச் சனத்தின் கதையெல்லாம் அவர் வாயால்தான் வரும்.

கவிஞர் சைக்கிளை மனைவி பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி வரிசைக்கு முன்னால் வந்து கும்பிட்டார்.

“ஐயா, நீங்களோ கொண்டந்தனீங்கள்?” என்று பிலோமினா அக்கா கேட்டார்.

“நானேதான் அம்மா. முப்பது வருச உழைப்பு.”

“முப்பது வருசமோ! எங்கை வைச்சிருந்தனீங்கள்?”

“நெஞ்சுக்குள்ளை.”

பிலோமினா அக்கா பின்னால் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். ஒளித்து வைத்த இடத்தை எவரும் வெளியில் சொல்ல மாட்டார்கள்தானே.

“அறாது எண்டு எழுதியிருக்கு. உண்மையா அறாதோ?”

“எந்தக் காலத்திலையும் அறாது.”

“உப்புத் தண்ணிக்கு?”

“கண்ணீரும் உப்புத்தானே அம்மா. அதிலை ஊறினதுதான் இது.”

“ஊறவைச்சே தாறியள்! நல்லது. குயிலன் எண்டால் நைலோன் மாதிரி யப்பான் சாமானோ?”

“இல்லையம்மா. முழுக்க முழுக்க இந்த மண்தான்.”

“அப்ப ஒரு அட்டைக்கு எத்தினை பாகம்?”

“இது ஒரே பாகம்தான். இரண்டாம் பாகம் இனித்தான் எழுத வேணும்.”

பாகம் என்றால் கடற்கரையில் இரண்டு கையையும் நீட்டி அளக்கிற நீளம். பிலோமினா அக்காவின் முகம் சுருங்கியது.

“ஒரு பாகத்தை வைச்சு வலையிலை எதைப் பொத்திறது?” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வலை நூல். வன்னிக்குள் வராத பொருள்களில் அதுவும் ஒன்று. ஒரு வருடமாகக் கடற்கரைச் சனம் கிழிந்த வலையைப் பழைய வலையின் துண்டு கொண்டு பொத்தி, பிறகு அந்தத் துண்டும் கிழிந்து, மீன் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. நிவாரணப் பலகையில் ‘புதிய நூல் வந்துள்ளது’ என்று எழுதினால் அவர்கள் வேறு எதை நினைப்பார்கள்?

நான் போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

“அக்கா, பிழை என்ரை. நூல் எண்டு எழுதினது இதை.”

பிலோமினா அக்கா புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ, “என்னவாம்?” என்று கேட்டார்கள். “பொத்தகமாம்,” என்று பதில் போனது. அந்தச் சொல் வரிசை நீளத்துக்குப் போய் முடிய ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு சத்தம் எழும்பியது.

“தொழிலை விட்டிட்டு வந்து நிக்கிறம், பகிடியோ விடுறியள்?” என்று ஒருவர் கத்தினார். வரிசை உடைந்து என்னைச் சுற்றி வளைத்தது. எனக்கு அழுகை வந்தது.

கவிஞருக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கடைக்குள் போய்க் கதிரையில் இருந்தார். சற்றுமுன் நூறு பேரைக் கும்பிட்ட கைகள் முழங்காலில் கிடந்தன. சத்தம் போட்டவர்களைவிட அந்தக் கைகளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

தையல் என்ரை

சத்தத்துக்கு நடுவில் பிலோமினா அக்கா மட்டும் பேசாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாசிக்கவில்லை. முதுகைப் பிரித்துப் பார்த்தார். தைத்திருந்த நூலை நகத்தால் கிளப்பி, பல்லில் கடித்து இழுத்தார். அறவில்லை.

“இது ஆர் தைச்சது?”

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற பாக்கியம் அம்மா, “நான்தான்,” என்றார். அந்த அம்மா அதுவரை சங்கக் கடையில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

“என்ன நூல் அக்கா இது?”

“வானத்திலை வெளிச்சக் குண்டு போடுறாங்களெல்லே, அது தொங்கி வாற குடை. எங்கடை வயலிலை ரெண்டு மூண்டு விழுந்தது. அந்தக் கயித்தை உரிச்சால் உள்ளுக்கு இழை இழையா வரும். அச்சுக்கூடத்திலை கம்பி இல்லையெண்டு தாளை மடிச்சு மட்டும் தந்தவை. இருநூறையும் நான்தான் தைச்சனான்.”

“இருநூறோ!” பிலோமினா அக்கா கண்ணை விரித்தார். “கண்ணிலை ஒத்திற மாதிரித் தையல். பாருங்கோவன், ஒரு முடிச்சுத் தெரியுதோ?”

பெண்கள் கூடி வந்து புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆண்கள் நூலை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு புத்தகத்தில் ஒரு முழத்துக்கு மேல் இருக்கும், வலையில் இரண்டு கண் பொத்தலாம் என்று ஒருவர் சொன்னார். பாக்கியம் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடமாகக் கணவர் எதிர்பார்த்திருந்தது அந்த அம்மாவுக்குக் கேட்காமலே கிடைத்தது.

“இதை எங்களுக்குத் தரலாமோ அக்கா?”

“தரலாம்,” என்றார் பாக்கியம் அம்மா.

உள்ளே கதிரை சரிந்தது. “என்ன பாக்கியம் கதைக்கிறீர்? அது என்ரை கவிதை!”

“கவிதை உங்கடை. தையல் என்ரை.”

கவிஞர் என்னிடம் திரும்பினார். “பிள்ளை, இலவசம் எண்டு நீர் சொன்னது விளம்பரத்தைத்தானே?” என்று கேட்டார். இதற்குள் நான் முதல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரு அட்டைக்கு ஒன்று. பலர் அயலவரின் அட்டைகளையும் கொண்டுவந்திருந்தார்கள். மேசைக்கடியில் இருந்த அவ்வளவும் பத்து மணிக்குள் முடிந்தது. அவருக்கு மிஞ்சியது வீட்டில் இருந்த நாலைந்து பிரதிகள்தான்.

நாற்பத்தோராம் பக்கம்

நாலாம் நாள் பிலோமினா அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் தலையில் சாக்குகளோடு வந்தார்கள். இறக்கி அவிழ்த்தால், உள்ளே அவ்வளவும் ‘அறாத இழை’.

“நூலை எடுத்திட்டம். தாளைக் கொண்டந்திருக்கிறம். படிப்புத் தாளை எறியக் கூடாதெல்லே.”

ஆளனுப்பிக் கவிஞரைக் கூப்பிட்டேன். அவர் சாக்குக்குள் கையை விட்டு, ஒரு பிடி தாளை அள்ளி, திரும்ப விட்டார். பிறகு நிலத்தில் அமர்ந்து பக்கங்களைத் தேடி அடுக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்தேன். கோடு போட்ட தாளில் கோட்டுக்குக் கோடு தள்ளி விழுந்த எழுத்துகள். பல தாள்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

மத்தியானம் வரை அடுக்கியபின் ஒன்று தெரிந்தது. எல்லாப் புத்தகத்திலும் ஒரு தாள் இல்லை. நாற்பத்தோராம் பக்கம். மடித்து, அளவாகக் கிழித்து எடுத்திருந்தார்கள்.

“பின்பக்கம் என்ன இருந்தது ஐயா?”

“ஒண்டுமில்லை. வெறுமை.”

“அப்ப கடிதம் எழுத எடுத்திருப்பினம்.”

“ஓம், ஓம். அந்தப் பக்கம் போனதிலை நட்டமில்லை. சும்மா பகிடிக்கு எழுதினது. பக்கம் போதாமல் பாக்கியம்தான் போடச் சொன்னவா,” என்றார். ஆனாலும் அவருடைய குரல் இறங்கித்தான் இருந்தது. தன்னுடைய புத்தகத்தில் சனம் விரும்பி எடுத்தது எழுத்தில்லாத பக்கத்தை என்று எந்தக் கவிஞர்தான் சந்தோசமாகச் சொல்வார்?

அடுத்த நிவாரண நாள் வந்தது. மா, பருப்பு, சீனி. காலையிலிருந்தே வரிசை. எங்கள் மனேச்சர் செல்லத்துரையர் வந்து திறப்பைத் தந்தால்தான் களஞ்சியம் திறக்கலாம். அவர் எட்டு மணிக்கு வர வேண்டியவர். வழக்கமாகப் பத்தரைக்கு வருவார். அன்று பதினொன்று.

வரிசையில் ஒரு குரல் எழும்பியது. பிலோமினா அக்காவின் குரல். வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டுப் போல ஒரு வரியை அவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

பருப்பு வந்தால் சீனி இல்லை
சீனி வந்தால் தராசு இல்லை
தராசு வந்தால் மனேச்சர் இல்லை
மனேச்சர் வந்தால் நாங்கள் இல்லை!

கடைசி வரிக்கு வரிசை முழுக்கச் சேர்ந்து கத்தியது. சிறுவர்கள் தகரத்தில் தட்டினார்கள். திரும்பத் திரும்பப் பாடினார்கள். நாலாவது முறை பாடும்போது செல்லத்துரையர் குடையோடு வந்து இறங்கினார். குடையை மடக்கி, வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முழுதாகக் கேட்டார்.

“ஆர் இதை எழுதினது?”

தகரம் தட்டிய சிறுவர்கள் பெரியவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

“ஆள் ஆரெண்டு தெரியாமல் இண்டைக்கு நான் களஞ்சியம் திறக்க மாட்டன்.”

வரிசையில் நாற்பதாவது ஆளாக, துணிப்பையை மடித்துப் பிடித்தபடி, முறிப்பூர்க் குயிலன் நின்றார். பக்கத்தில் பாக்கியம் அம்மா. அவர் கணவரின் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. “பேசாமல் நில்லுங்கோ. வீட்டிலை ஒரு நுள்ளுச் சீனி இல்லை,” என்று அவர் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது.

கவிஞர் சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். தொண்டையைச் செருமினார்.

“முறிப்பூர்க் குயிலன். இயற்பெயர் தம்பிராசா. ‘அறாத இழை’, நாற்பத்தோராம் பக்கம்.”

வரிசை கைதட்டியது. அந்த முறை அது அவருக்குத்தான். என்னுடைய பலகைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

செல்லத்துரையருக்குக் கோபத்தைவிட வேறொரு கலக்கம் வந்துவிட்டது. “நாற்பத்தோராம் பக்கமோ? மற்றப் பக்கங்களிலையும் என்னைப் பற்றித்தானோ?” என்று கேட்டார்.

“வாசிச்சால்தான் தெரியும்,” என்றார் கவிஞர்.

களஞ்சியம் திறந்தது. எல்லோருக்கும் அளவோடு சீனி கிடைத்தது, கவிஞருக்கும்தான். அன்று பின்னேரமே மனேச்சர் ஒரு பிரதி எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டார். நான் அடுக்கி வைத்ததில் ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த வாரம் முழுவதும் அவர் கதிரையில் சாய்ந்து, பென்சிலோடு, வரி வரியாக வாசித்தார். என் அறிவுக்கு, ‘அறாத இழை’யை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே மனிதர் செல்லத்துரையர்தான். கவிஞர் ஒவ்வொரு நாளும் ஏதோ சாட்டில் கடைப் பக்கம் வந்து, எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறார் என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் மனேச்சர் என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தில் ஓரிடத்தில் பென்சிலை வைத்துக் காட்டினார்.

“பிள்ளை, இதிலை ‘முழுநிலவே, ஏன் பிந்தி வந்தாய்’ எண்டு இருக்கு. அது நானோ?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெளியில் புளியமரத்தடியில் நின்ற கவிஞரிடம் போய்ச் சொன்னேன். அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஓம் எண்டு சொல்லும் பிள்ளை,” என்றார். “அப்பதான் திரும்ப வாசிப்பார்.”